பட்டிமண்டபம் இல்லாத விழா: கல்லூரி நூலகங்கள் நாள் கொண்டாடும் முறை பற்றி

மணிமேகலைக் காப்பியம் ஒரு விழா அறிவிப்போடு தொடங்குகிறது. புகார் நகரத்தில் இந்திர விழா எடுக்க வேண்டுமென்று சான்றோர் முடிவு செய்கின்றனர். விழாவை மறந்தால் நகரைக் காக்கும் பூதம் சினங்கொள்ளும் என்னும் அச்சமும் அம்முடிவில் கலந்திருக்கிறது. முரசறைவோன் தெருத்தெருவாகச் சென்று செய்தி சொல்கிறான். தோரணம் கட்டச் சொல்கிறான். பூரண கும்பமும் பாவை விளக்கும் வைக்கச் சொல்கிறான். வீதியில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பச் சொல்கிறான். அலங்காரத்தோடு அவன் நிறுத்தவில்லை. அறம் உரைப்போர் பந்தரிலும் பொதுவிடங்களிலும் அமர வேண்டும். வெவ்வேறு சமயத்தார் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் பொருளை வாதிட வேண்டும். மாறுபட்டாரிடத்தும் சினம் கொள்ளலாகாது என்றும் சேர்த்தே அறைகிறான். இருபத்தெட்டு நாள் விழாவில் தோரணமும் வாதமும் ஒரே அறிவிப்பில் அடங்கியிருந்தன.

இன்று நம் நாட்டுக் கல்லூரி நூலகங்களில் ஆண்டு முழுவதும் நாட்கள் கொண்டாடப்படுகின்றன. பிப்ரவரி 21 தாய்மொழி நாள். மார்ச் 8 மகளிர் நாள். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள். ஏப்ரல் 18 உலக மரபுச்சின்ன நாள். ஏப்ரல் 23 புத்தக நாள். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள். ஆகஸ்ட் 12 நூலகர் நாள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். நவம்பர் 26 அரசியலமைப்பு நாள். டிசம்பர் 11 பாரதி பிறந்த நாளை ஒட்டிய இந்திய மொழிகள் நாள். ஒவ்வொன்றுக்கும் நூலக வாயிலில் ஒரு மேசை, ஒரு படம், ஒரு மாலை, வரிசையாகச் சில நூல்கள். தோரணம் குறைவின்றி இருக்கிறது. பட்டிமண்டபம் எங்கே என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒரு நூற்கண்காட்சியைத் திறனாய்வு செய்வதா என்று சிலர் எண்ணக்கூடும். செய்யத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கான நூல்களிலிருந்து முப்பதைத் தேர்ந்து, ஒன்றன் அருகில் ஒன்றை வைத்து, “இந்நாளின் பொருள் இது” என்று காட்டுவதும் ஒரு வகைத் தொகை நூலே. தொகுத்தவர் யார், எதைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று தொகை நூல்களை நோக்கிக் கேட்கும் கேள்விகளை இம்மேசையை நோக்கியும் கேட்கலாம்.

சுற்றறிக்கையும் புகைப்படமும்

அரசு அலுவலகங்களில் பணியாற்றும் குடும்பங்கள் நிறைந்த நம் சங்கத்தில் சுற்றறிக்கை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இன்ன நாளைக் கொண்டாடுக. கொண்டாடிய விவரத்தைப் புகைப்படத்துடன் இத்தேதிக்குள் அனுப்புக. கல்லூரிகளுக்கும் இதே முறையில் ஆணைகள் வருகின்றன. கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்வதற்காக 1994இல் தோன்றிய தேசியக் குழுவின் படிவத்திலேயே, தேசிய நாட்களையும் சர்வதேச நினைவு நாட்களையும் நிறுவனம் கொண்டாடுகிறதா என்னும் வினா இடம்பெற்றது. வினா வந்தபின் விடை வேண்டும். விடைக்குச் சான்று வேண்டும். சான்றாகப் புகைப்படம் வேண்டும். புகாரில் பூதத்திற்கு அஞ்சி விழா எடுத்தனர். இங்கே படிவத்திற்கு அஞ்சி எடுக்கின்றனர்.

அச்சத்தால் தொடங்கும் விழா நல்விழாவாக முடியலாகாது என்பதில்லை. ஆனால் புகைப்படத்திற்காக அமைத்த காட்சிக்கு ஓர் இயல்பு உண்டு. முகப்பு அட்டை அழகாக உள்ள நூல் முன்னால் வரும். அட்டை கிழிந்த நல்ல நூல் அலமாரியிலேயே தங்கும். படப்புத்தகம் வரும், நாவல் வாராது. ஆங்கில நூல் வரும்; பிற மொழி நூல் அருகிப்போகும். அறிக்கையில் “ஐம்பது நூல்கள் வைக்கப்பட்டன” என்று எழுதப்படும். எத்தனை நூல்கள் எடுத்துச் செல்லப்பட்டன என்று எழுதப்படுவதில்லை.

சீர்காழியார் வகுத்த அளவுகோல்

இக்காட்சிகளை அளக்க வெளியிலிருந்து அளவுகோல் தேட வேண்டியதில்லை. ஆகஸ்ட் 12ஆம் நாள் எவர் நினைவாகக் கொண்டாடப்படுகிறதோ அவரே அதை வகுத்துத் தந்திருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார் என்பது தலைநகர்த் தமிழர் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அவர் விதிகளின் சாரம் எளிது. நூல் பயன்பாட்டுக்குரியது. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர்.

முதல் விதியை விளக்குங்கால், இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வழக்கத்தை இரங்கநாதன் எடுத்துக்காட்டுகிறார். அச்சங்கிலி இன்று கண்ணாடிப் பேழையாக உருமாறியிருக்கிறது. நாள் கொண்டாடும் வாரத்தில் பேழைக்குள் வைத்த நூலை எவரும் எடுத்துப் படிக்க இயலாது. காட்சி முடியும்வரை இரவல் கிடையாது. ஆண்டு முழுவதும் எவரும் தேடாத நூலை, அனைவரும் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரே வாரத்தில் பூட்டி வைக்கிறோம். வாரம் முடிந்ததும் நூல் பழைய இடத்துக்குப் போகிறது. வாசகரின் நாட்டமும் தணிந்துவிடுகிறது. இது முதல் விதிக்கு நேர் முரண். கண்ணாடியை அகற்றி, நூலைத் திறந்த மேசையில் வைத்து, அங்கேயே இரவல் பதிந்து தந்தால் மேசை நாளுக்கு நாள் வெறுமையாகும். வெறுமையான மேசை புகைப்படத்தில் அழகாக இராது. ஆனால் அதுவே வெற்றி பெற்ற கண்காட்சி.

மரபு என்பது கோபுரம் மட்டுமா?

ஏப்ரல் 18ஐ மரபுச்சின்னங்களின் நாளாகக் கொள்ள வேண்டுமென்று 1982இல் முன்மொழியப்பட்டு, 1983இல் யுனெஸ்கோ அதனை ஏற்றது. அன்று நூலக மேசையில் தாஜ்மகாலும் கோணார்க்கமும் தஞ்சைப் பெரிய கோயிலும் வண்ணப் படங்களாக வரும். தஞ்சைக் கோயில் 1987இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதனோடு இணைந்தன. படத்தைக் கண்டு வியந்து மாணவர் நகர்ந்துவிடுகின்றனர்.

அப்படப்புத்தகத்தின் அருகில் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் வரிசையின் இரண்டாம் தொகுதியைத் திறந்து வைத்தால் என்ன நிகழும்? அரசன் கொடுத்த பொன்னும் மணியும் மட்டும் அங்கே பொறிக்கப்படவில்லை. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரினர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டனர் என்பன வரிசையாக உள்ளன. கோபுரத்தைப் பார்க்கும் மாணவி அரசனை நினைக்கிறாள். இப்பட்டியலைப் பார்க்கும் மாணவி, அப்பெண்கள் விரும்பி வந்தனரா, அவர்களுக்கு எத்தகைய வாழ்வு அமைந்தது என்று கேட்கத் தொடங்குவாள். மரபைப் பற்றிய முதற்கேள்வி பிறக்கும் இடம் அது. படப்புத்தகம் தோரணம், கல்வெட்டுத் தொகுதி பட்டிமண்டபம். இரண்டும் அருகருகே இருத்தல் வேண்டும்.

நூலே ஒரு மரபுச்சின்னம் என்பதையும் அந்நாளில் நினைக்கலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததையும், செல்லரித்தும் நீரில் விடப்பட்டும் ஏடுகள் அழிந்த கொடுமையையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ‘என் சரித்திரம்’ மரபு நாள் மேசையில் இருக்க வேண்டிய நூல். கல் தானே நின்றது. ஏட்டை மனிதர் சுமந்து காத்தனர் என்பதை அது கற்பிக்கும்.

விழிப்புணர்வை ஊட்டும் நூல் எது?

விழிப்புணர்வு நாட்களுக்கு நூலகங்கள் தேர்வு செய்பவை பெரும்பாலும் கையேடுகளும் கலைக்களஞ்சியங்களும் அறிக்கைகளுமே. அவை செய்தி தருவன, வேண்டியவையே. ஆனால் செய்தி அறிவதும் விழிப்படைவதும் ஒன்றல்ல. உப்பளத் தொழிலாளியின் கூலி விவரத்தை அறிக்கையில் படிக்கலாம். அவர் காலும் கண்ணும் படும் பாட்டை உணர, தூத்துக்குடி உப்பளங்களில் நேரில் உழன்று செய்தி திரட்டி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ வேண்டும். மே முதல் நாளுக்கு இதனினும் ஏற்ற நூல் அரிது.

சுற்றுச்சூழல் நாளுக்கும் இது பொருந்தும். 1973 முதல் கொண்டாடப்படும் அந்நாளில் நம்மவர் பெருமையுடன் சங்க இலக்கியத்தைக் காட்டுவர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்கள் வரிசையாக வருகின்றன, காட்டுவது முறையே. ஆயினும், “நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர்” என்ற பெருமிதத்தோடு நின்றுவிட்டால் அது விழிப்பன்று, உறக்கம். குறிஞ்சிப்பாட்டின் பக்கத்தில், நீலகிரிப் படுகர் வாழ்வு தலைமுறைதோறும் மாறிய கதையைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ இருந்தால், அன்று பாடப்பட்ட மலைக்கு இன்று நேர்ந்தது என்ன என்ற கேள்வி தானே எழும். இரண்டு நூல்களை அருகில் வைப்பதே ஒரு திறனாய்வு என்று நான் சொல்வது இதனாலேயே.

மகளிர் நாளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தமிழில் எழுதப்பட்டது. ஆனால் கதை நிகழ்வது ராஜஸ்தானத்து அஜ்மீரில், ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்தில். இருண்ட சமையலறைக்குள் பெண்கள் தம் வாழ்நாளையும் அதிகாரத்தையும் அளந்துகொண்டிருப்பதைத் தெற்கிலிருந்து வந்த மருமகள் காண்கிறாள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. வட இந்தியக் கல்லூரி ஒன்றில் இக்கதை மேசைக்கு வந்தால், “தமிழ் எங்கோ தொலைவிலுள்ள மொழி” என்று நினைத்திருக்கும் ராஜஸ்தானத்து மாணவி தன் பாட்டியின் அடுக்களையைத் தமிழ்க் கதையில் காண்பாள். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் என்று இரங்கநாதன் சொன்னது எதிர்பாராத இத்தகைய சந்திப்பையும் உளப்படுத்தியதே.

புகழ்மாலையும் மறுப்புரையும்

இக்காட்சிகளில் நான் காணும் பெருங்குறை ஒன்றுண்டு. எல்லா நூல்களும் ஒரே குரலில் பேசுகின்றன. தலைவர் பிறந்த நாளென்றால் புகழும் நூல்கள் மட்டும். மொழி நாளென்றால் மொழியை வாழ்த்தும் நூல்கள் மட்டும். கருத்து மோதல் இல்லாத இடத்தில் கருத்தே இல்லை எனலாம்.

ஏப்ரல் 14ஐ எடுத்துக்கொள்வோம். அம்பேத்கரின் படமும் அரசியலமைப்பின் அழகிய பதிப்பும் மேசையில் இருக்கும். அவற்றோடு இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலையும் வைக்கலாம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் நாற்பத்துநான்கு பேர் தீயில் மாண்ட கொடுமையை அடியொற்றி எழுந்தது அந்நாவல். 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அதனை எழுதியவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். தலைநகரிலிருந்து தஞ்சைக் கிராமத்துக்குச் செல்லும் படித்த மனிதரின் கண்வழியே கதை விரிகிறது. க. நா. சுப்ரமண்யம் அதை ஆங்கிலமாக்கினார்.

அந்நாவல் மறுப்பின்றி ஏற்கப்பட்டதும் அன்று. கூலிக்காகவும் மானத்துக்காகவும் எழுந்த போராட்டத்தில், நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய உடற்குறையும் அதனால் விளைந்த மனக்கோணலும் காரணம் போலக் காட்டியதை இடதுசாரித் திறனாய்வாளர் கடிந்தனர். வர்க்கக் கொடுமையைத் தனிமனித நோயாகச் சுருக்கிவிட்டார் என்பது அவர்கள் வாதம். மனத்தின் இருளும் சமூகத்தின் இருளும் ஒன்றையொன்று வளர்ப்பதை நாவலாசிரியர் காட்டக்கூடாதா என்பது மறுவாதம். என் கருத்தில், கடிந்தவர் பக்கம் நியாயம் மிகுதி. ஊரே எரிவதற்கு ஒருவருடைய குறை போதிய காரணமாகாது. ஆயினும், தலைநகரிலிருந்து போன படித்தவரின் கையாலாகாமையை அந்நாவல் காட்டிய அளவுக்குக் காட்டிய தமிழ் நூல்கள் மிகச் சில. நூலகர் இந்நாவலையும் அதன்மீது எழுந்த எதிர்ப்பையும் சேர்த்து வைத்து, ஒரு பிற்பகலில் பத்து மாணவரை அமர்த்தி வாதிடச் செய்தால், அன்று அம்பேத்கருக்குச் சூட்டும் மாலை அதுவாகும்.

தாய்மொழி நாளும் நம் பிள்ளைகளும்

பிப்ரவரி 21இன் வரலாறு குருதி தோய்ந்தது. 1952இல் டாக்காவில் வங்காளிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் சுடப்பட்டனர். அதன் நினைவாக 1999இல் யுனெஸ்கோ அந்நாளை அறிவித்தது. 2000 முதல் உலகம் அதைக் கொண்டாடுகிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் அன்று பல மொழிகளில் “வணக்கம்” எழுதிய பலகை தொங்கும். பலகையில் தமிழ் எழுத்தைக் காணும்போது நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பலகையிலுள்ள மொழிகளில் எத்தனைக்கு அந்நூலகத்தில் ஒரு நூலேனும் உண்டு என்று கேட்டால் விடை வருந்தத்தக்கதாகவே இருக்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இங்கேயே பிறந்து, இங்குள்ள பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் கல்லூரி சேர்கின்றனர். அவர்களுக்குச் சிலப்பதிகார மூலத்தை மட்டும் நீட்டினால் வணங்கிவிட்டு விலகுவர். மூலத்தின் பக்கத்தில் ஆர். பார்த்தசாரதியின் ஆங்கில ஆக்கத்தை வைத்தால் ஒரு கண் அங்கும் ஒரு கண் இங்குமாக நுழைவர். சாகித்திய அகாதெமியும் தேசியப் புத்தக நிறுவனமும் இந்திய மொழிகளுக்கிடையே செய்வித்த மொழிபெயர்ப்புகள் இதற்கெனவே உள்ளன. இரு நிறுவனங்களும் தலைநகரில் இருந்தும், தலைநகர்க் கல்லூரி மேசைகளில் அவற்றின் நூல்கள் அருகியே தென்படுகின்றன.

அதைவிட அண்மையில் ஒரு செல்வம் இருக்கிறது. இந்நகரையே களமாகக் கொண்ட தமிழ் நூல்கள் உண்டு. ஆதவனின் ‘காகித மலர்கள்’ தில்லித் தமிழ்க் குடும்பத்தின் போலித்தனங்களை ஒளிவுமறைவின்றிக் காட்டும் நாவல். இந்திரா பார்த்தசாரதியின் ‘தந்திரபூமி’ இங்குள்ள அதிகார வட்டங்களின் கதை. வேரை ஊரில் வைத்துவிட்டுக் கிளையை இங்கே நீட்டியவர் என்றே நம்மை நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்நாவல்களைப் படிக்கும் நம் பிள்ளை, இந்நகரத்துப் பேருந்தும் அலுவலகமும் குடியிருப்பும்கூடத் தமிழ் இலக்கியத்தின் நிலங்களே என்று அறியும். தாய்மொழி, பழம்பெருமை என்னும் நிலையை விட்டுத் தன் வாழ்வைப் பேசும் மொழியாக அதற்கு மாறும்.

பாரதி பிறந்த நாளுக்கும் இதுவே சொல்லத்தக்கது. 2022 முதல் டிசம்பர் 11 இந்திய மொழிகளின் நாளாகக் கொண்டாடப்படுவது நமக்குப் பெருமை. ஆனால் முண்டாசும் மீசையுமாக ஒரு படம் மட்டும் மேசையில் நின்றால், அந்நாளின் கருத்து விளங்குவதில்லை. இளமையில் காசியில் வாழ்ந்த பாரதி, தாகூரின் சிறுகதைகளைத் தமிழாக்கிய பாரதி, வந்தே மாதரத்தைத் தமிழில் பாடிய பாரதி, பத்திரிகை நடத்திய பாரதி ஆகியோரெல்லாம் அம்மேசைக்கு வர வேண்டும். பிற மொழிகளுக்குக் கதவு திறந்து வைத்த கவிஞர் என்பதாலன்றோ அந்நாள் அவர் நாளாயிற்று!

செய்யத் தக்கன

நூலகர்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. நிரப்பப்படாத பணியிடங்கள், சுருங்கிய நிதி, தெரியாத எழுத்துக்கள் ஆகியவற்றுக்கிடையே அவர்கள் நாள்தோறும் உழைக்கின்றனர். தமிழ் எழுத்தே அறியாத நூலகர் தமிழ் நூலை எவ்வாறு தேர்ந்தெடுப்பார்? அங்கேதான் சங்கங்களின் கடமை தொடங்குகிறது. கல்லூரி ஒவ்வொன்றுக்கும் பத்துத் தமிழ் நூல்களையும் அவற்றின் மொழிபெயர்ப்புகளையும், ஒவ்வொன்றைப் பற்றியும் பத்து வரிக் குறிப்பு எழுதிய அட்டையுடன் நாம் கொடுக்கலாம். நாள் முடிந்தபின் அப்பட்டியல் குப்பைக்குப் போகாமல் நூலகத்தில் நிலையாகத் தங்க வேண்டும். அடுத்த ஆண்டு அதில் ஐந்து நூல்கள் கூட வேண்டும். நூலகம் வளரும் உயிர் என்ற ஐந்தாம் விதி அவ்வாறே நிறைவேறும்.

பிறருக்குச் சொல்லுமுன் நம் அலமாரிகளையும் பார்த்துக்கொள்ளுதல் நலம். பொங்கல் விழாவில் திருவள்ளுவர் படத்துக்கு மாலையிடும் சங்கங்கள் பலவற்றில் நூலக அலமாரியின் சாவி யாரிடம் என்பதே எவருக்கும் தெரிவதில்லை. இன்னிசையும் நாடகமும் நிகழும் மேடையில், ஒரு நூலைப் பற்றி இருவர் மாறுபட்டுப் பேச அரைமணி ஒதுக்குவதற்கும் நமக்கு மனம் வருவதில்லை. கல்லூரி மேசையில் கண்ட குறை நம் மேடையிலும் உண்டு.

ஒரு கண்காட்சி நன்றா அன்றா என்று தீர்மானிக்க ஓர் எளிய வழி உண்டு. விழா முடிந்த ஒரு திங்களுக்குப் பின் இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மேசையில் வைத்த நூல்களில் எத்தனை வெளியே சென்றன, எத்தனை கைமாறின, எவர் மீண்டும் வந்து அதே ஆசிரியரின் வேறு நூலைக் கேட்டார் என்பன அங்கே தெரியும். அறிக்கையில் அப்பக்கத்தின் படியை இணைத்து அனுப்பும் கல்லூரி எதுவோ, அதுவே அந்நாளைக் கொண்டாடிய கல்லூரி.